அம்மாவின் கல்லீரலுக்கு புரோபயாட்டிக் காவலா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நுரையீரல் காசநோய்க்காக ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். இது ஐந்தாவது வாரம். தொடங்கும் முன் எஸ்ஜிபிடி 31 இருந்தது, போன வாரம் 74. காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு சரியாக இருக்கிறது. பயப்பட வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. புரோபயாட்டிக் கொடுத்தால் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தடுக்கலாம் என்று எலிகளில் நடந்த ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். ஒரு டப்பா வாங்கியும் வைத்துவிட்டேன். கொடுக்கலாமா? மாத்திரையோடு சேர்த்தா, தனியாகவா? அம்மாவுக்கு வாந்தி, காமாலை எதுவும் இல்லை. மூன்று வாரமாக மூட்டு வலி மட்டும் இருக்கிறது. அதற்கு 650 மில்லிகிராம் பாரசிட்டமால் மூன்று வேளையும் போடுகிறார். நான்கு நாளாகச் சளி மாத்திரை ஒன்று, காலையும் இரவும். வேறு மருந்து எதுவும் இல்லை.
– ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரோபயாட்டிக், அதாவது உடலுக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கப்படும் உயிருள்ள பாக்டீரியா, பற்றிய கேள்விக்காக. இரண்டாம் முறை கடைசி நான்கு வரிகளுக்காக. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த மூட்டு வலியும் சளி மாத்திரையும்தான், கல்லீரல் மருத்துவராக எனக்கு அந்த டப்பாவைவிட முக்கியமாகப் பட்டன. அதற்கு வருகிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத அந்த 74.

எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்லுக்குள்ளே இருக்க வேண்டிய ஒரு என்சைம். செல் நோகும்போது அது ரத்தத்தில் கசிகிறது. பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் 40ஐ ஒட்டி மேல் எல்லையை வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் அம்மாவின் 74 இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. காசநோய் மருந்து சாப்பிடுபவர்களுக்கு எப்போது மருந்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் கோடு ஒன்று உண்டு. குமட்டல், வாந்தி, காமாலை போன்ற தொல்லைகள் இருந்து எஸ்ஜிபிடி மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். தொல்லை எதுவும் இல்லையென்றால் ஐந்து மடங்கைத் தாண்டும்போது. அம்மாவின் கணக்கில் 120, 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அவர் வெகு தூரத்தில் இருக்கிறார். அதனால் மருத்துவர் சொன்னது சரிதான், அலட்சியமாகச் சொன்னதில்லை.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசோனியாசிட் சாப்பிடுகிற 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு முதல் சில வாரங்களில் இப்படி எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறும். மருந்தை நிறுத்தாமலே பெரும்பாலானவர்களுக்கு அது தானாக இறங்கிவிடும். கல்லீரல் புதிய வேலைக்குப் பழகிக்கொள்கிறது. இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் புரோபயாட்டிக் பற்றிய பல நம்பிக்கைகள் இங்கேதான் பிறக்கின்றன. இன்று டப்பாவைத் திறந்து கொடுக்கத் தொடங்கி, இரண்டு வாரத்தில் 74 இறங்கி 45 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு என்ன தோன்றும்? காப்ஸ்யூல் காப்பாற்றியது என்றுதான் தோன்றும். அடுத்தவருக்கும் அதையே சொல்வீர்கள், மனதார நம்பியே சொல்வீர்கள். ஆனால் அந்த எண் எப்படியும் இறங்கியிருக்கக்கூடியதுதான். வெற்று மாத்திரை கொடுத்த ஒரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடாமல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, எத்தனை வருடம் அனுபவம் இருந்தாலும் என்னாலும் முடியாது.

சரி, நீங்கள் படித்த எலி ஆய்வுகளுக்கு வருவோம். அவற்றை நான் ஒதுக்கித் தள்ளப் போவதில்லை. குடலுக்கும் கல்லீரலுக்கும் இருக்கும் உறவு, என் துறையில் கடந்த இருபது வருடத்தில் என்னை மிகவும் ஈர்த்த விஷயங்களில் ஒன்று.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குடல் பக்கத்திலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. குடலில் உறிஞ்சப்படுவது ஏறக்குறைய எல்லாமே முதலில் கல்லீரலின் வாசலில் வந்து நின்றுவிட்டுத்தான் உடலின் மற்ற இடங்களுக்குப் போகும். குடல் சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் கழிவுகள் உள்ளே வருவது குறைவு. சுவர் பலவீனப்பட்டால் பாக்டீரியாவின் மேலுறைத் துண்டுகள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வரும். அங்கே காவலுக்கு இருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றைப் பார்த்ததும் அழற்சியைக் கிளப்பும். ஏற்கெனவே ஒரு மருந்தால் நொந்திருக்கும் கல்லீரலுக்கு இது இரண்டாவது அடி.

குடல் பாக்டீரியாக்கள் மருந்தின் போக்கையே மாற்றவும் செய்கின்றன. 2009ல் வெளியான ஓர் ஆய்வு மனிதர்களில் செய்யப்பட்டது. குடல் பாக்டீரியா தயாரிக்கும் பாரா-கிரெசால் என்ற பொருள் சிலரிடம் அதிகமாக இருக்கிறது. கல்லீரல் பாரசிட்டமாலைக் கழித்துக்கட்டுவதற்கு வைத்திருக்கும் அதே சல்ஃபேட் சரக்கை இந்தப் பொருளும் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் அப்படிப்பட்டவர்கள் பாரசிட்டமாலை வேறு விகிதத்தில் கையாள்கிறார்கள். ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஆனால் குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உடல் அதைக் கழிக்கும் வழி மாறுகிறது. இதை முதலில் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் 2020ல் வந்த ஆய்வு. அனேகமாக நீங்கள் படித்தது இதுவாகவோ இதையொட்டிய ஒன்றாகவோ இருக்கலாம். லேக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை எலிகளுக்குக் கொடுத்தார்கள். அது ஒரு சிறிய மூலக்கூறைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அந்த மூலக்கூறு கல்லீரல் செல்லுக்குள் போய், செல்லின் சொந்தத் தற்காப்பு ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது. பிறகு பாரசிட்டமாலை மிகையாகக் கொடுத்தபோது அந்த எலிகளின் கல்லீரல் குறைவாகவே சேதப்பட்டது. அழகான வேலை. காரணம் எது, விளைவு எது என்று படிப்படியாகக் காட்டிய ஆய்வு.

அங்கிருந்து உங்கள் அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்கு வர எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும்.

எலிக்குக் கொடுத்தது பாரசிட்டமால். பாரசிட்டமால் நச்சு அளவைப் பொறுத்தது. அளவு மீறினால் ஏறக்குறைய எந்தக் கல்லீரலும் கெடும். உடலில் சேரும் பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. செல்லில் இருக்கும் குளுட்டாதயோன் அதை உடனுக்குடன் அணைத்துவிடுகிறது. அளவு கூடிப்போனால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு செல்லின் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் இந்தச் சேதத்தை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம். அதனால்தான் கல்லீரலைக் காக்கும் என்று யாராவது நினைக்கிற எந்தப் பொருளையும் முதலில் இந்தப் பாரசிட்டமால் எலியில் சோதிக்கிறார்கள். அந்த எலிகள் ஒரே குடும்பத்து வாரிசுகள் போல, ஒரே வயது, ஒரே உணவு, வேறு நோய் இல்லை. முக்கியமாக, புரோபயாட்டிக் முன்கூட்டியே கொடுக்கப்படுகிறது. நச்சு வரும் நாளும் நேரமும் ஆய்வாளருக்குத் தெரியும்.

காசநோய் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பு அந்த வகை இல்லை. ஐசோனியாசிட்டைக் கல்லீரல் கழிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறுபடும். மெதுவாகக் கழிப்பவர்களிடம் நச்சான இடைப்பொருள்கள் கூடுதலாகத் தங்கும். அதோடு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கும் சேர்ந்துகொள்ளும். வயது, உடல் மெலிவு, மதுப் பழக்கம், ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் இருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே மருந்து சாப்பிடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். மனிதருக்கு நேர்வதைப் போன்ற ஐசோனியாசிட் பாதிப்பை எலியில் வரவழைப்பதே பெரும்பாடு. அப்படியிருக்க, பாரசிட்டமால் எலியில் பலித்த ஒன்றை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அது மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. ஐசோனியாசிட்டும் பைரசினமைடும் காசநோய்க் கிருமி வகையைத்தான் பெரும்பாலும் குறிவைக்கின்றன. ரிஃபாம்பிசின் அப்படியில்லை, பல வகை பாக்டீரியாக்களைக் கொல்லும். எலிகளுக்குக் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்தபோது குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறிப்போய், மருந்து நின்ற பிறகும் நெடுநாள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்த மாற்றத்துக்குப் பெரும்பங்கு காரணம் ரிஃபாம்பிசின்தான். காப்ஸ்யூலில் இருக்கும் பாக்டீரியாவும் தினமும் அந்த ரிஃபாம்பிசினோடுதான் குடலில் மோத வேண்டும். அதில் எத்தனை உயிரோடு தப்பும்?

மனிதர்களில் புரோபயாட்டிக் எதற்கெல்லாம் உதவுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. குழந்தைகளில் நடந்த 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019ல் வெளியிட்ட தொகுப்பில், புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. இது சின்ன வித்தியாசம் இல்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகளில் எஸ்ஜிபிடி ஓரளவு இறங்கியிருக்கிறது. ஆனால் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தடுக்க புரோபயாட்டிக் கொடுங்கள் என்று, இந்தப் பாதிப்புக்கென்றே ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லவில்லை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலும் சொல்லவில்லை. நானும் என் நோயாளிகளுக்கு அந்தக் காரணத்துக்காக எழுதிக் கொடுப்பதில்லை.

'சாப்பிட்டால் நல்லது நடக்காவிட்டாலும் கெட்டது நடக்காதே' என்று அடுத்து கேட்பீர்கள். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை என்பது உண்மை. எல்லோருக்கும் அப்படியில்லை என்பதும் உண்மை. 2008ல் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதற்குச் சாட்சி. அப்போது பலரும் அந்த நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் நல்லது செய்யும் என்றுதான் நம்பினார்கள். நியாயமான காரணமும் இருந்தது, சிறிய ஆய்வுகளின் ஆதரவும் இருந்தது. முடிவில் புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம் பேர். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை, இதைப் படித்து நீங்கள் பயந்துவிடக் கூடாது. 'உயிருள்ள கிருமி என்றால் இயற்கையானது, இயற்கையானது என்றால் தீங்கில்லாதது' என்று நினைக்கும்போது மட்டும் இதை நினைத்துப் பாருங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், பெரிய ரத்தக் குழாயில் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் காப்ஸ்யூலில் இருக்கும் கிருமியே ரத்தத்தில் தொற்றாக மாறியதுண்டு.

2018ல் இஸ்ரேலில் 21 பேரிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களில் சிலருக்குப் புரோபயாட்டிக் கொடுத்தார்கள், சிலரை அப்படியே விட்டார்கள். அப்படியே விடப்பட்டவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் சீக்கிரம் திரும்பின. புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு அது தாமதமானது. வந்தவர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் திரும்பிவர நாளாகும் என்பது மாதிரி. சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யக் கூடாது. ஆனாலும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு புரோபயாட்டிக் எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் நான் உண்மையில் பயப்படுவது காப்ஸ்யூலைப் பார்த்து இல்லை. அது தரும் நிம்மதியைப் பார்த்து. கல்லீரலுக்குப் பாதுகாப்பாக ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், பசி குறைந்ததை 'வெயில்தான் காரணம்' என்று தள்ளிவிடுவோம். இரண்டு நாள் குமட்டலை 'வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்போம். பரிசோதனையை அடுத்த வாரம் பார்க்கலாம் என்போம். ஒரு நோயாளியை நினைக்கிறேன். கல்லீரலைக் காக்கும் என்று ஏதோ ஒரு துணை மருந்தை நம்பி, பத்து நாள் குமட்டலோடு காசநோய் மாத்திரையை விடாமல் விழுங்கிக்கொண்டே இருந்தார். மருந்தை நிறுத்தினால் தப்பு என்று யாரோ சொன்னது அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. கண் மஞ்சளான பிறகுதான் வந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். அந்தப் பத்து நாளில் இரண்டாவது நாளே அவர் வந்திருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது அந்த நான்கு வரிகள்.

மூட்டு வலி மூன்று வாரமாக இருக்கிறது என்கிறீர்கள். மாத்திரை தொடங்கி ஐந்து வாரம். பைரசினமைடு, யூரிக் அமிலம் சிறுநீரில் போவதைக் குறைக்கும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலி வருவது இந்த மருந்தில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. வழக்கமாக முதல் இரண்டு மாதத்தோடு பைரசினமைடு முடிந்துவிடும், அதோடு வலியும் போய்விடும். அம்மாவின் வலி அதுதானா என்பதை அவர் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று வாரமாக வலி இருப்பதை அவரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை.

அந்த வலிக்கு 650 மில்லிகிராம் மூன்று வேளை. கூட்டினால் ஒரு நாளைக்கு 1,950 மில்லிகிராம். இத்தோடு சளி மாத்திரை. அதன் அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான சளி மாத்திரைகளில் 325 அல்லது 500 மில்லிகிராம் பாரசிட்டமால் கலந்திருக்கும். உங்கள் அட்டையில் 500 என்று இருந்தால், இரண்டு வேளைக்கு 1,000. மொத்தம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 கிராம்.

ஆரோக்கியமான பெரியவருக்கு 4 கிராம் வரை உச்ச வரம்பு என்று சொல்வார்கள். ஆனால் அந்த வரம்பிலும் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. 2006ல் ஆரோக்கியமான 145 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பாரசிட்டமால் குழுக்களில் இருந்தவர்களுக்குத் தினமும் 4 கிராம் வீதம் 14 நாள் திட்டம். அந்தக் குழுக்களில் 31 முதல் 44 சதவீதம் பேருக்கு எஸ்ஜிபிடி மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் தாண்டவில்லை. இவர்கள் நோயில்லாதவர்கள். உங்கள் அம்மாவோ காசநோயில் மெலிந்திருக்கக்கூடியவர். சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு குளுட்டாதயோன் கையிருப்பே குறைவாக இருக்கும். பாரசிட்டமாலை நச்சாக மாற்றும் அதே என்சைமை ஐசோனியாசிட் தூண்டிவிடவும் செய்யும். காசநோய் மருந்து சாப்பிடுபவர்களுக்கு நான் பாரசிட்டமாலை ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்ட விடுவதில்லை. அதையும் சில நாளோடு நிறுத்திவிடுவேன்.

74க்கு பாரசிட்டமால்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நான்கு மருந்துகளில் ஏதாவது ஒன்றாகவோ, வெறும் பழக்கமாதலாகவோ இருக்கலாம். ஆனால் கல்லீரலுக்காக இன்றே ஏதாவது செய்தாக வேண்டும் என்று உங்கள் மனம் துடிக்கிறதல்லவா? அதற்கான வழி இங்கே இருக்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், பெட்டியில் ஏற்கெனவே இருப்பதில் எதை எடுத்துவிடலாம் என்று பாருங்கள். சளி மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாம், சளி அது இல்லாமலும் போகும். மூட்டு வலிக்கு என்ன செய்வது என்று நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு நீங்களாக வேறு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வலி மாத்திரைகளில் பல கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ தொல்லை தருபவை.

காசநோய் மாத்திரையை மட்டும் உங்கள் பயத்தால் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகி எதிர்ப்பு பெற்றுவிடும். அந்தக் காசநோய்க்கான சிகிச்சை கடினமானது, அதில் வரும் பக்க விளைவுகளும் கூடுதல். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பசி சட்டென்று அற்றுப்போவது, நிற்காத குமட்டல் அல்லது வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத பெரும் சோர்வு, உடல் அரிப்பு, கண் வெள்ளை மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள், அன்றைக்கே. இதை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அம்மாக்கள் பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாந்தியை மறைப்பார்கள்.

சிறுநீர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், கண்ணீரையும் வியர்வையையும்கூட. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் நிறம் தூக்கலாக இருந்து பிறகு வெளுக்கும். அது கெடுதல் இல்லை. காமாலையில் வரும் நிறம் வேறு. கடுந்தேநீர் போன்ற பழுப்பு, நாள் முழுவதும் மாறாமல் இருக்கும். சந்தேகம் வந்தால் பகல் வெளிச்சத்தில் கண் வெள்ளையைப் பாருங்கள். வழக்கமான அளவில் ரிஃபாம்பிசின் கண்ணை மஞ்சளாக்காது.

அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். செய்யாமல் இருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துவிடச் சொல்லலாம். அவருக்கு பி6 வைட்டமின் கொடுத்திருந்தால் அதை நிறுத்த வேண்டாம். அது கல்லீரலுக்காகக் கொடுப்பதில்லை, ஐசோனியாசிட்டால் நரம்பு கெடாமல் இருப்பதற்கு. மூலிகைக் கல்லீரல் டானிக், பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை என்று யாராவது நல்லெண்ணத்தோடு கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையே கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஒருவேளை எண்கள் ஏறி மருந்தை நிறுத்த வேண்டி வந்தாலும் இடிந்துபோகாதீர்கள். நேரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலானவர்களின் கல்லீரல் தேறிவிடும். எஸ்ஜிபிடி இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கியதும் மருந்துகளை ஒவ்வொன்றாக, வழக்கமாக ரிஃபாம்பிசினிலிருந்து, மறுபடி தொடங்கலாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கடைசியாக, வாங்கி வைத்த டப்பா. அதைக் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்து காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கு மருத்துவர் இதைச் சொல்லக்கூடும், அப்போது உதவும். அப்படிக் கொடுக்கும்போது காசநோய் மாத்திரை போட்டு சில மணி நேரம் கழித்து, நாளின் பிற்பகுதியில் கொடுங்கள். சேர்த்து விழுங்க வேண்டாம். டப்பாவில் வெறுமனே 'நல்ல பாக்டீரியா' என்று போட்டிருக்கிறதா, இல்லை பாக்டீரியாவின் முழுப் பெயரும் வகையைக் குறிக்கும் எழுத்துகளும் காலாவதி நாள் வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்ற எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வகை செய்யும் வேலையை இன்னொரு வகை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. கொடுக்கத் தொடங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்தில் வரப்போகும் பரிசோதனைக்குப் போகும்போது 31, 74 இரண்டு தாள்களையும், சளி மாத்திரை அட்டை, இந்த டப்பா உட்பட வீட்டில் அம்மா தொட்ட எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.